பேர் சொல்லும் நேரம்

சனிக்கிழமை ஒத்திகைக்கு யுவராணி வரவில்லை.

பத்மா ஸ்கூட்டரை மேட்டுத்தாங்கல் பஞ்சாயத்துக் கட்டடத்தின் நிழலில் நிறுத்தினாள். ஆவடியில் கிளம்பும்போதே முதுகு வலித்தது. பருத்திப்பட்டில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பூந்தமல்லி சிக்னலில் நின்றபோது கண் தானாக மூடிக்கொண்டது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திறந்துவைத்தான்.

வார நாட்களில் அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தாள். சனி, ஞாயிறுகளில் கலை அமைப்பின் தன்னார்வலர். திருமழிசையைச் சுற்றியுள்ள ஊர்களில் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைச் சேர்த்து, கூத்து பழக்கி, ஆண்டுக்கு ஒரு முறை அவர்களுடைய ஊர்களில் ஒன்றில் மேடையேற்றுவார்கள். பழக்குவது கௌதம். மற்றதெல்லாம் பத்மா. போலீஸ் அனுமதி, மைக் செட், சாப்பாடு, பிள்ளைகளின் சண்டை, பெற்றோரின் சண்டை.

அவள் கணவர் கலியமூர்த்திக்குப் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் கறிக்குழம்பு கொதிக்கும்போது அவர் முட்டை பொரித்துக்கொள்வார். "விட்டுடேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

மேட்டுத்தாங்கலில் மறுநாள் மாலை ஆட்டம். ராஜா வேஷம் யுவராணிக்கு.

"வேன்ல ஏத்தலையாம்க்கா" என்றான் கௌதம். "நேத்திலேர்ந்து வீட்டுலதான் இருக்காளாம். ஒத்திகைக்கும் அவங்கம்மா விடல."

"எந்த வேன்?"

கௌதம் அவளைப் பார்த்தான். "கம்பெனி வேன்."

பத்மாவுக்கு அது தெரியும். தெரியாததுபோல் வைத்திருந்தாள். குழுவில் பாதிப் பேர் எங்கேயோ வேலைக்குப் போனார்கள். எங்கே என்று கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் அதை வைத்து ஏதாவது செய்தாக வேண்டும்.

யுவராணியின் வீடு ஊர்க் கடைசியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. வாசலில் அவள் அம்மா பொன்னியம்மா நின்றிருந்தாள்.

"வா டீச்சர். என் பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே. இன்னும் இன்னா மிச்சம் கீதுன்னு பாக்க வந்தியா?"

பத்மா டீச்சர் இல்லை. முதல் ஆண்டு மறுத்துப் பார்த்தாள்.

"என்ன ஆச்சு பொன்னியம்மா?"

"இன்னா ஆச்சா? ரோட்டு முனையில ஆள் ஒசரத்துக்கு மூஞ்சி போட்டு வெச்சிக்கிறியே, அதான் ஆச்சு."

திருப்பத்தில் ஃப்ளெக்ஸ் வைத்தது பத்மாவின் யோசனை. இந்தப் பக்கத்தில் காதுகுத்துக்கும் கருமாதிக்கும் ஃப்ளெக்ஸ்தான். தங்கள் முகம் அதில் வரும் என்றால் பிள்ளைகள் ஒத்திகைக்கு ஒழுங்காக வருவார்கள் என்று நினைத்தாள். வந்தார்கள். ராஜா என்பதால் யுவராணியின் முகம் நடுவில், பெரிதாக. முகத்துக்குக் கீழே பெயர். எல்லோருக்கும் மேலே: பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர் கலைவிழா.

யுவராணிக்குப் பதினேழு. திருமழிசையில் பிளாஸ்டிக் மூடி தயாரிக்கும் கம்பெனியில் பேக்கிங் வேலை. அங்கே பதினெட்டு முடியாதவர்களை எடுப்பதில்லை. அதனால் அவள் அக்கா சௌம்யாவின் ஆதார் அட்டையைக் காட்டிச் சேர்ந்திருந்தாள். சௌம்யா கல்யாணமாகி நூம்பலில் இருக்கிறாள். கம்பெனியில் யுவராணியின் பெயர் சௌம்யா, வயது இருபத்தொன்று.

"வேன் தெனம் அந்தத் திருப்பத்துலதான் திரும்புது" என்றாள் பொன்னியம்மா. "சூப்பர்வைசருக்குக் கண்ணு பொட்டையா? போட்டோ புடிச்சிக்கினு போய்ட்டான். அவுங்கப்பன் போனப்பறம் இவ சம்பாத்தியத்துலதான் அடுப்பு எரியுது. நான் ரெண்டு ஊட்ல பாத்திரம் தேச்சி இன்னா ஆவும்?"

உள்ளே யுவராணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஃப்ளெக்ஸ் நல்லாதாம்மா இருந்துச்சு" என்றாள்.

"வாய மூட்றீ."

பிள்ளைகளை வேலைக்கு ஏற்றி அனுப்புகிற கான்ட்ராக்டர் வேம்புலி. அதே ஊர்க்காரன். திருமழிசை எஸ்டேட் வாசலில் டீக்கடையில் இருந்தான். பத்மாவைப் பார்த்ததும் பெஞ்சில் இடம் விட்டான்.

"வாங்க மேடம். டீ சொல்லவா?"

"அந்தப் பொண்ணைப் பத்திப் பேச வந்தேன் அண்ணே."

"எந்தப் பொண்ணு? சௌம்யாவா, யுவராணியா?" தனியாகச் சிரித்தான். "எங்க ஊட்டாண்ட அந்த ஃப்ளெக்ஸ வெச்சிருந்தீங்கன்னா நானே பாலாபிஷேகம் பண்ணியிருப்பேன். கம்பெனிக்குப் போற ரூட்ல வெச்சிட்டீங்களே மேடம்."

"எடுத்துடறேன்."

"எடுத்து இன்னா? சூப்பர்வைசர் ஜானகிராமன் எனக்கு வாட்ஸப்ல அனுப்பிச்சிட்டாரு. இது நம்ம பேக்கிங் சௌம்யாதானே, பதினெட்டுக்குக் கீழேன்னு போட்டுகீதேன்னு கேக்கறாரு. நான் இன்னா சொல்றது? வாயில வந்துச்சி, சொல்லிட்டேன். அது தங்கச்சி சார், பேரு யுவராணி, அக்காவும் தங்கச்சியும் ஒரே அச்சுன்னு."

"நம்பினாரா?"

"நாளிக்கு ஆட்டத்துக்கு வந்து பாக்கறேன்னாரு."

டீ வந்தது. பத்மா கையில் வைத்துக்கொண்டாள். வேம்புலி குரலை இறக்கினான்.

"கேளுங்க. ரெண்டு நாள் காச்சல்னு சொல்லி அவள நிறுத்தி வெச்சிக்கிறேன். நாளிக்கு சண்டே ஓ.டி. கீது. சாயந்திரம் ஆட்டம் நடக்கசொல்ல அவ லைன்ல நிக்கணும். மேடையில யுவராணின்னு வேற ஒருத்தி ஆடட்டும். ராஜா வேஷத்துல மூஞ்சி இன்னா தெரியப்போவுது? அவுரு லைன்லயும் பாப்பாரு, மேடையிலயும் பாப்பாரு. அக்கா அங்க, தங்கச்சி இங்க. முடிஞ்சிச்சி."

"இல்லைன்னா?"

"இல்லன்னா அவளோட போவாது. அக்கா பேர்ல, அத்த பேர்ல வர்றதுங்க இன்னும் கீதுங்க. எல்லாத்தையும் தோண்டுவாங்க. என்னையும் சேத்து." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "நான் யோக்கியன்னு சொல்லல. பொன்னியம்மா வந்து அழுதுச்சி. ஏத்தினேன்."

பத்மா டீயைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பஞ்சாயத்துக் கட்டடத்துக்குத் திரும்பியபோது பிள்ளைகள் ராஜா இல்லாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலி நாற்காலியைப் பார்த்து வணங்கினார்கள். கதை அவர்களே கட்டியது. ஒரு ராஜாவுக்குத் தூக்கம் வருவதில்லை. தனக்கு வராத தூக்கம் நாட்டில் யாருக்கும் வரக் கூடாது என்கிறான். குடிகளை மூன்று ஷிப்டாகப் பிரித்து வேலை வாங்குகிறான். கொட்டாவி விடுகிறவனைக் கூப்பிட்டு விசாரிப்பான். அந்த இடத்தில் யுவராணி நின்றால் கௌதமே மத்தளத்தை விட்டுவிட்டுச் சிரிப்பான்.

பத்மா கௌதமைத் தனியே கூப்பிட்டு வேம்புலி சொன்னதைச் சொன்னாள்.

"சைல்டு லைனுக்குச் சொல்லணும்க்கா. நம்ம ரூல்ஸ்லயே இருக்கு."

"சொன்னா?"

"வந்து விசாரிப்பாங்க."

"அப்புறம்?"

"அவ திரும்ப ஸ்கூலுக்கு…"

யுவராணி பத்தாவதோடு நின்றவள். அவளைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்ப பத்மா போன ஆண்டு முழுக்க நடந்து பார்த்தாள். கடைசியில் ஒத்திகைக்காவது வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"யாரை ஆட வைக்கலாம்?" என்று கேட்டாள்.

"வசனம் முழுசும் தெரிஞ்சவ கார்த்திகா ஒருத்திதான்."

கார்த்திகா குத்தம்பாக்கத்திலிருந்து வருகிறவள். திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பாள். அவளாகக் கேட்டு வாங்கிய வேலை. நாலு பேர் பார்த்தால் தனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்றாள்.

"ஆடிடுவாக்கா. ஆனா பேர் சொல்லும்போது?"

பத்மா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக முன்னால் வந்து, தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தை அழித்து, தன் பெயரையும் ஊரையும் சொல்ல வேண்டும். இது அமைப்பின் முறை. தொடங்கியது அவள்தான். முதல் ஆண்டு ஒரு தாய், எந்த வேஷம் தன் மகன் என்று கடைசி வரை தெரியாமல் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் பேர் சொல்லாமல் ஆட்டம் முடிந்ததில்லை. சில பிள்ளைகள் அதற்காகவே வந்தார்கள்.

"அழிக்க வேண்டாம். வேஷத்தோடேயே சொல்லட்டும்."

"யுவராணின்னா?"

"யுவராணின்னு."

கௌதம் மத்தளத்தின் வாரை இழுத்துக் கட்டினான். அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

மாலையில் தண்ணீர் லாரி வந்து போன பிறகு யுவராணியைக் குழாயடியில் பிடித்தாள். அவள் குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டுக்கொண்டாள். வேம்புலி அவளிடம் முன்பே சொல்லியிருந்தான். பேர் சொல்லும் விஷயம் மட்டும் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப கார்த்திகா வந்து நின்னு, நான்தான் யுவராணின்னு சொல்லுவாளா?"

"ஆமாம்."

"ஊர்க்காரங்க சிரிக்க மாட்டாங்க?"

"உங்கம்மா வீடு வீடாச் சொல்லி வைக்கிறேன்னாங்க."

யுவராணி குடத்தை இறக்கி வைத்தாள்.

"கம்பெனில சௌம்யா சௌம்யான்னு கூப்டுவாங்க. மொத வாட்டி எனக்குக் காதுல ஏறாது. பக்கத்துல நிக்கறவங்க இடிப்பாங்க. செவிடான்னு திட்டும் லைன் லீடரு." புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "இங்க வந்தாதான்க்கா என் பேரு. அதையும் குடுத்துடணுமா?"

பத்மா ஸ்கூட்டர் சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. ஆடுன்னா ஆடறேன். அம்மா அடிச்சாலும் வந்து ஆடறேன். வேலைக்குப் போன்னா போறேன்."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நெனச்சி இன்னா? நீங்க சொல்லுங்க."

எதிரே வயலில் பாதி வரை மனைக் கற்கள் நட்டிருந்தார்கள். கற்களுக்கு நடுவே இரண்டு மாடுகள் மேய்ந்தன. பத்மா சற்று நேரம் மாடுகளைப் பார்த்தாள். உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்கார அங்கே ஒன்றும் இல்லை.

"வேலைக்குப் போ" என்றாள்.

யுவராணி தலையை ஆட்டினாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போனாள். திரும்பி வந்தாள்.

"கார்த்திகாகிட்ட சொல்லுங்க. கொட்டாவி விடறவன் வரும்போது வசனத்த உடனே பேசக் கூடாது. அவனையே சும்மா பாக்கணும். ஜனங்க இருமற வரைக்கும் பாக்கணும். அப்பறம் பேசணும். அப்பதான் சிரிப்பு வரும்."

"சொல்றேன்."

"கிரீடம் கொஞ்சம் லூசு. உள்ள துணி வெச்சிக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியமே கௌதம் கார்த்திகாவுக்கு அரிதாரம் பூசத் தொடங்கினான். முகம் முழுக்கச் சிவப்பு, புருவத்துக்கு மேல் வெள்ளைப் புள்ளிகள், மூக்குக்குக் கீழ் கொம்பு மீசை. வழக்கத்தைவிடத் தடித்துப் பூசினான். கார்த்திகா நடுங்கியதில் மீசை இரண்டு முறை கோணியது.

"ஆடாதடி. ராஜாவுக்கு குளிர் ஜொரமா?"

"வாந்தி வருதுண்ணா."

"வேஷம் கலையாம எடு."

பொன்னியம்மா வீடு வீடாகப் போய்விட்டு வந்தாள். பத்மாவிடம் பேசவில்லை. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் தாழ்ந்ததும் ஜனம் சேர்ந்தது. எஸ்டேட்டில் முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் யூனிஃபார்மோடு வந்தார்கள். சூப்பர்வைசர் ஜானகிராமன் மோட்டார் பைக்கில் வந்தார். பெட்ரோல் டேங்கின் மேல் சின்ன மகள். வேம்புலி ஓடிப்போய் நாற்காலி போட்டான். அவர் உட்காரவில்லை. பைக்கிலேயே காலை ஊன்றி நின்றார்.

திரையைப் பிடித்த இருவரும் விலகினார்கள். ராஜா நின்றிருந்தான்.

முதல் வசனம் யாருக்கும் கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "சவுண்டு உடு மாமே" என்றான். கௌதம் மத்தளத்தைக் கொஞ்சம் அடக்கினான். இரண்டாவது வசனமும் பாதிதான் வெளியே வந்தது. வழக்கமாக அவளிடம் வசனம் வாங்குகிற பிள்ளைகள் மந்திரி வேஷத்திலும் காவலாளி வேஷத்திலும் நின்றுகொண்டு அவளுக்கே எடுத்துக்கொடுத்தார்கள்.

கொட்டாவிக்காரன் வந்தான். வாயைப் பிளந்தான். கார்த்திகா அவனைப் பார்த்தாள். பேசவில்லை. மத்தளம் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தாள். மறந்துவிட்டாள் என்று பத்மா நினைத்தாள். ஜனத்தில் யாரோ இருமினார்கள்.

"எனுக்கே தூக்கம் வரல" என்றான் ராஜா. "உனுக்கு இன்னாடா கொட்டாவி?"

யூனிஃபார்ம்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். ஜானகிராமனின் மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, அவர் சிரிக்கிறார் என்று தெரிந்ததும் சிரித்தாள். அதற்கு மேல் கார்த்திகா குரலைத் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் முடிந்தது. பத்மா மைக்கை வாங்கினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருப்பதால் இந்த முறை வேஷத்தோடேயே பேர் சொல்வார்கள் என்றாள். தலைக்கு மேல் விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

மந்திரி சொன்னான். காவலாளி சொன்னான். கொட்டாவிக்காரன் பெயரைச் சொல்லிவிட்டு இன்னொரு கொட்டாவி விட்டான். ஒவ்வொருவருக்கும் கை தட்டினார்கள். ராஜா முன்னால் வந்தான்.

பாயில் இருந்த ஒரு குழந்தை எழுந்தது. "யம்மா, இது யுவராணியக்கா இல்ல…"

தாய் அதன் வாயைப் பொத்தி மடியில் இழுத்துக்கொண்டாள்.

கார்த்திகா பத்மாவைப் பார்த்தாள். சிவப்பு முகத்தில் கண்கள் மட்டும் அவளுடையவை. பத்மா மைக்கை நீட்டினாள்.

"என் பேர் யுவராணி. ஊர் மேட்டுத்தாங்கல்."

பொன்னியம்மாதான் முதலில் கை தட்டினாள். தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். பக்கத்தில் இருந்தவள் தட்டினாள். ஊர் முழுக்கத் தட்டியது. பின்னால் வேம்புலி விசில் அடித்தான். வேறு யாருக்கும் அவ்வளவு நேரம் தட்டவில்லை.

ஜானகிராமன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பத்மாவிடம் வந்தார்.

"வர்ற வழியில அக்காவை லைன்ல பாத்துட்டுத்தான் வர்றேன் மேடம். காய்ச்சல் சரியாயிடுச்சாம். தங்கச்சி பிரமாதம். அப்படியே அக்கா ஜாடை."

கொம்பு மீசை வரைந்த முகத்தில் என்ன ஜாடையைக் கண்டார் என்று பத்மா கேட்கவில்லை. அவருக்கும் மேலே ஒருவர் இருப்பார்.

"ஆடிட் இருக்கு, அதான்" என்றார் அவர். பைக்கைக் கிளப்பினார்.

திரைக்குப் பின்னால் கார்த்திகா எண்ணெய் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு கழுத்தில் வழிந்தது.

"நல்லா பண்ணே" என்றாள் பத்மா.

"அம்மா வந்திருந்தாங்கக்கா. ரெண்டாவது பாய்ல." துணியால் கண்ணைத் துடைத்தாள். "நான் ஆடறேன்னு சொல்லல. கடைசியில பேர் சொல்லும்போது தெரிஞ்சிக்கட்டும்னு இருந்தேன். நேத்து நீங்க சொல்லியும், என் பேர சொல்ல முடியாதுன்றத மறந்தே போய்ட்டேன். யுவராணின்னதும் அம்மா நல்லா கை தட்னாங்க. அப்பறம் எந்திரிச்சி என்னைத் தேடினு போய்ட்டாங்க."

"கூட்டிட்டு வர்றேன்."

"வேணாம்க்கா. நானே போய்ச் சொல்லிக்கறேன்." எழுந்தவள் நின்றாள். "ஊர்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுதானே?"

"கொஞ்ச நாளைக்கு."

அவள் போனாள். காதுக்குப் பின்னால் இன்னும் சிவப்பு இருந்தது.

கௌதம் கிரீடத்தைப் பெட்டியில் வைத்தான். உள்ளே இருந்த துணியை எடுத்து உதறினான். பத்மாவின் கைபேசி அடித்தது.

"அக்கா, டீ பிரேக்." பின்னால் மெஷின் சத்தம். யுவராணி கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசுவது தெரிந்தது. "முடிஞ்சிதா?"

"இப்பதான்."

"கொட்டாவிக்குச் சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. நீ சொன்ன மாதிரியே நின்னா."

"இருமற வரைக்கும்?"

"இருமற வரைக்கும்."

யுவராணி மூச்சு விட்டாள்.

"என் பேரு சொன்னாளா?"

"சொன்னா."

"கை தட்னாங்களா?"

"ரொம்ப நேரம்."

"அம்மா?"

பத்மா மேடையின் விளிம்பில் உட்கார்ந்தாள். எதிரே பொன்னியம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாதான் முதல்ல தட்டினாங்க."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"நாளைலேர்ந்து பழையபடி வேன் வருமாம்க்கா" என்றாள் யுவராணி.

"நல்லது."

"வெக்கட்டா?"

"சாப்பிட்டியா?"

"இங்க பன்னு குடுத்தாங்க."

அவள் வைத்துவிட்டாள். மைக் செட்காரர் தனி ஆளாக வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பத்மா எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.